மெலியோய்டோசிஸ் என்று சொன்னால்: வாட்டில் சில கிழமை, வீட்டில் மூன்று மாதம்

மாரி மழை பிடித்து வட்டை முழுக்கச் சேறு கலங்கும் நாட்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க வாட்டுகளுக்கு ஒரு காய்ச்சல் வந்து சேரும். டெங்குவும் இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. ஆள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது தாண்டியவர், சீனி வருத்தக்காரர், வயலுக்குள் இறங்கி வரம்பு கட்டியவர், அல்லது வெள்ளம் வடிந்த வளவைக் கூட்டித் துப்புரவாக்கியவர். இரத்தத்தை வளர்த்துப் பார்த்த பிறகு டொக்டர் ஒரு பெயர் சொல்வார்: மெலியோய்டோசிஸ். வீட்டில் ஒருவருக்கும் வாயில் நுழையாது.

பெயர் புதிது, நோய் பழையது. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடன் வேலை செய்த கிருஷ்ணசாமியும் இதை முதலில் கண்டார்கள். இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருக்கிறார். கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்வது. காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாகவோ, காய்ச்சாத தண்ணீரோடோ, கடும் மழைக் காற்றில் மூச்சு வழியாகவோ உடம்புக்குள் போகும். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே கோப்பை, பாயைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. புண்ணில் சீழ் இருந்தால் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

வாட்டில் செய்ய வேண்டியதை வாட்டில் செய்து விடுவார்கள். கோட்டை விடுவது இரண்டு இடத்தில்தான். ஒன்று, முதல் நாள் டொக்டரிடம் சொல்லாமல் விட்ட விபரம். மற்றது, வீட்டுக்கு வந்து உடம்பு தேறிய ஆறாம், ஏழாம் கிழமை. இந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டுதான் கீழே வருவதெல்லாம்.

போகும் முன் ஒரு துண்டு எழுதுங்கள்

நமது பக்கத்தில் காய்ச்சல் என்றால் முதல் நினைப்பு டெங்கு. அது சரியான பயம்தான். மூன்றாம் நாளுக்குள் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுக்க வேண்டும், பனடோல் தவிர வேறு நோவு மாத்திரை தொடக்கூடாது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பிளேட்லட் நல்லாயிருக்கு, டெங்கு இல்லை என்றதும் நிம்மதியாகி வீட்டில் படுத்துவிடுகிறார்கள். சீனிக்காரருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் நின்றபாடில்லை, ஆனால் பிளேட்லட் இறங்கவில்லை என்றால், அது வீட்டில் இருக்க வேண்டிய ஆள் இல்லை. ரிப்போட்டில் வெள்ளணுக் கணக்கையும் பாருங்கள். டெங்குவில் அது பெரும்பாலும் 4,000, 5,000க்குக் கீழே இறங்கும். 11,000க்கு மேல் ஏறியிருந்தால் பாக்டீரியாப் பக்கம் சந்தேகம் போக வேண்டும். சிலருக்கு இந்த நோயிலும் வெள்ளணு ஏறாது. அதனால் ரிப்போட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மூச்சு வாங்கினால், ஆள் மயங்கிப் பேசினால், சலம் குறைந்தால் அடுத்த நாள் கிளினிக்கைப் பார்த்துக்கொண்டிராமல் 1990க்கு எடுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை. மண்முனைப் பாலத்துக்கு அங்காலே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் இருப்பவர்கள் பொழுது சாயும்வரை யோசிக்காதீர்கள். வெள்ள நாளில் இரவுப் பயணம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையானாலும் அம்பாறைப் பொது வைத்தியசாலையானாலும் கல்முனையானாலும், கிட்டவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் கணக்கு. தனியாரில் சனலிங் போட்டு ஒரு நிபுணரைப் பின்னேரம் காட்டுவது தப்பில்லை. ஆனால் இந்த நோய்க்கு வேண்டியது ஊசியும் வாட்டும். மூன்று இடத்தில் மூன்று நிபுணரைக் காட்டி மூன்று விதக் குளிசை குடிப்பதில் நாட்கள்தான் போகும்.

ஓ.பி.டி.யிலோ அட்மிஷனிலோ உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் சொல்ல வேண்டியதைத் துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். இப்படி:

"வயது 54, நிறை 63 கிலோ. சீனி 9 வருடம்; மெட்ஃபோமின், கிளிக்கிளசைட். இன்சுலின் இல்லை. பிரசருக்கு லொசார்டன். காய்ச்சல் நவம்பர் 18 தொடக்கம், பின்னேரம் நடுக்கம். 3 நாளாக இருமல், வலப்பக்க நெஞ்சு நோவு. நவம்பர் 5 தொடங்கி 6 நாள் வயலில் வரம்பு கட்டினது, வெறுங்கால், குதியில் வெடிப்பு. 20ஆம் திகதி தனியார் டொக்டர் மருந்து தந்தார், குளிசையின் வெற்றுக் காட் இத்துடன். எந்த மருந்துக்கும் அலர்ஜி இல்லை. சாராயம் கிழமைக்கு 2 தரம்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. வயல் வரியைப் பார்த்ததும்தான் டொக்டருக்கு எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் நினைவுக்கு வரும். நீங்கள் சேட்டும் சாரமும் மாற்றிக் கொண்டு வந்து கட்டிலில் படுத்திருந்தால், நீங்கள் கமக்காரரா கந்தோரில் எழுதுபவரா என்று முகத்தில் எழுதியிருக்காது. சாராய வரியை மறைக்காதீர்கள்; தொடர்ந்து குடிப்பவருக்கு இந்த நோய் பிடிக்கும் வாய்ப்புக் கூட. மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்று "இல்லை டொக்டர்" சொல்வதால் யாருக்கும் இலாபமில்லை. சிறுநீரக வருத்தம், நெடுநாள் மூச்சு வருத்தம், தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் குளிசை நெடுநாள் குடித்தது, முழங்கால் நோவுக்குப் போட்ட ஊசி, எல்லாம் எழுதுங்கள். இரண்டு, மூன்று மாதம் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, இருமல் என்றால் அதையும் எழுதுங்கள். இந்த நோய் காசநோய் போலவே நடிக்கும். எக்ஸ்-ரேயிலும் அப்படித்தான் தெரியும். சளியில் காசநோய்க் கிருமி காணாமலே காசநோய் மருந்து தொடங்கி, மாதக்கணக்கில் குடித்தும் தேறாதவர்களை இந்த நோய்க்கும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரத்தக் கல்ச்சர்

இந்த நோயை உறுதிப்படுத்துவது கல்ச்சர். இரத்தத்தைப் போத்தலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. பெரியவருக்கு ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மி.லீ. வரை எடுப்பார்கள். "இவ்வளவு இரத்தம் எடுக்கிறாங்க" என்று கூட நிற்பவர்கள் முறுமுறுப்பார்கள். அளவு குறைந்தால் கிருமி கிடைக்கும் வாய்ப்பும் குறையும், எடுக்க விடுங்கள். இரண்டு இடத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

முக்கியம், முதல் ஊசிக்கு முன் எடுப்பது. வெளியில் குடித்த அன்டிபயோட்டிக் கிருமியைக் கொல்லாமல் அமுக்கி மட்டும் வைத்திருக்கும். பிறகு போத்தலில் ஒன்றும் வளராது, நோய் உள்ளே இருக்கும். அதனால்தான் வெற்றுக் காட் கொண்டுவரச் சொல்வது. காட் எறிந்திருந்தால், மருந்து தந்த இடத்துக்குப் போன் எடுத்துப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். "வெள்ளைக் குளிசை, நீட்டுக் குளிசை" என்பதை வைத்து எந்த டொக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

இரத்தம் மட்டுமில்லை. சளி, சலம், தொண்டைத் துடைப்பு, புண்ணிலும் கட்டியிலும் எடுத்த சீழ், எல்லாவற்றிலும் இந்தக் கிருமியைத் தேடலாம். இரத்தத்தில் வராதது சீழில் வரும் சம்பவங்கள் நிறைய. சளி கேட்டால் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். காலையில் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்ததைக் கொடுங்கள்.

ரிப்போட் வர இரண்டு நாளும் ஆகலாம், ஐந்தாறு நாளும் ஆகலாம். அதுவரை டொக்டர் கையைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார், சந்தேகத்திலேயே ஊசி தொடங்கிவிடுவார். முதல் ரிப்போட்டில் ஒன்றும் வளரவில்லை என்று வந்து, ஆள் இன்னும் காய்ச்சலில் கிடந்தால், "திரும்ப ஒருக்கா எடுத்துப் பார்க்கலாமா டொக்டர்" என்று கேட்பதில் வெட்கமில்லை. ஒரே ஒரு கல்ச்சர் பத்தில் நாலு பேரையாவது தவற விடக்கூடும்.

வாட்டில்

தொற்றுநோய்க்கென்று தனி நிபுணர்கள் இலங்கையில் கொஞ்சப் பேர். நாம் ஐ.டி.எச். என்று சொல்லும் அங்கொடைத் தொற்றுநோய் நிறுவகம் கொழும்புப் பக்கம். நமது மாவட்டங்களில் இந்த நோயைப் பார்ப்பது பொது வைத்திய நிபுணர், வாட்டில் வி.பி. என்பார்கள். அவருக்குப் பின்னால் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிரியல் நிபுணர் ஒருவர் இருப்பார். கட்டிலடிக்கு அவர் வருவது குறைவு. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். அதனால் உங்கள் கேள்வி "நுண்ணுயிரியல் நிபுணரிட்ட கேட்டீங்களா டொக்டர், எத்தனை நாள் ஊசி என்று சொன்னாங்க?" என்று இருந்தால் பதில் சரியான இடத்திலிருந்து வரும். காலை ரவுண்டில் நிபுணரிடம் ஒரு கேள்விக்கு மேல் கேட்க நேரம் கிடைக்காது. மிச்சத்தை ரவுண்ட் முடிந்து வாட் டொக்டரிடம் கேளுங்கள்.

ஊசி மருந்து இரண்டிலொன்று: செஃப்டசிடைம், அல்லது ஆள் மோசமாக இருந்தால் மெரோபெனம். செஃப்டசிடைம் பெரியவருக்கு வழக்கமாக ஒரு தரம் 2 கிராம், 6 அல்லது 8 மணிக்கு ஒருக்கா. மெரோபெனம் 1 கிராம், 8 மணிக்கு ஒருக்கா. சிறுநீரகம் பழுதென்றால் குறைப்பார்கள். ஆகக் குறைந்தது இரண்டு கிழமை. அதற்கு மேல் எத்தனை நாள் என்பது கிருமி எங்கே குந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி, மூட்டுக்குள் சீழ் என்றால் நாலு கிழமை. எலும்பு என்றால் ஆறு. மூளை என்றால் எட்டு. கட்டியில் சீழ் எடுத்தால், கணக்கு எடுத்த நாளிலிருந்து திரும்பத் தொடங்கும். இது தெரியாமல்தான் "இருபது நாளாச்சு, இன்னும் விடுறாங்க இல்லை" என்று சண்டை வருவது.

வயிற்று ஸ்கேன் செய்தார்களா என்று கேளுங்கள். நெஞ்சில் மட்டும் நோய் என்று தோன்றினாலும் ஈரல், மண்ணீரல், ஆண்களுக்குப் புரொஸ்டேட் ஆகியவற்றில் ஒளிந்த கட்டி இருக்கலாம். அதைக் காணாமல் விட்டால் ஊசி நிறுத்தியதும் காய்ச்சல் திரும்பும்.

காய்ச்சல் உடனே இறங்காது. சரியான மருந்து சரியான அளவில் போனாலும், இறங்கச் சுமார் ஒன்பது நாள் எடுக்கும்; கட்டி இருந்தால் அதற்கு மேலும். இந்த இடத்தில்தான் குடும்பம் குழம்பும். ஐந்தாம் நாள் 39 பாகை இருந்தால் "இந்த ஆஸ்பத்திரி சரியில்லை" என்று கையெழுத்து வைத்துக் கூட்டிப் போவார்கள். போகும் வழியில் இரண்டு ஊசி தவறும், புது இடத்தில் எல்லாம் முதலிலிருந்து. வெப்பமானியை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பாடு இறங்குகிறதா, மூச்சு இலேசாகிறதா, நடுக்கம் குறைகிறதா, பிரசர் நிற்கிறதா என்று பாருங்கள். அவை பின்னுக்குப் போனால் அப்போது கேள்வி கேளுங்கள்.

கூட நிற்பவர் ஊசி நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவர வேண்டும். காலை 6, பகல் 2, இரவு 10 என்று ஓடினால், தவறுவது பெரும்பாலும் இரவு 10. வாட் நிறைந்த நாளில் கனுலா (மருந்து ஏற்றக் கை நரம்பில் வைத்த குழாய்) உள்ள இடம் வீங்கி ஊசி ஏறாமல் நிற்பதும் அந்த நேரத்தில்தான்.

"மிஸ், அப்பாவுக்குப் பத்து மணி ஊசி போட்டாச்சா?"

"கனுலா வேலை செய்யல்ல அம்மா, டொக்டர் வந்து புதுசு போடணும்."

"சரி மிஸ், டொக்டருக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துவீங்களா? பதினொன்றுக்கு நான் திரும்ப வந்து கேட்கிறன்."

இப்படிக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கனுலா உள்ள இடம் சிவந்தால், தடித்தால், நொந்தால் உடனே காட்டுங்கள். அதுவே புதிய காய்ச்சலுக்குக் காரணமாகும்.

சீனி பற்றி ஒரு சொல். தொற்று உள்ளபோது சீனி தாறுமாறாக ஏறும். இன்சுலின் போடுவார்கள், "ஒருக்காப் போட்டால் சாகும் வரை போடணும்" என்று பயந்து மறுக்காதீர்கள். பலருக்குத் தொற்று அடங்கியபின் குறைத்துவிடுவார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர் கொண்டுவரும் மோல்ட், நெக்டோ போன்ற இனிப்புக் குடிவகைகளைக் கட்டிலடியில் அடுக்கி வைத்து இன்சுலினோடு போட்டி போட வேண்டாம்.

துண்டு வெட்டும் நாள்

வீட்டுக்கு விடும் நாளில் எல்லோருக்கும் அவசரம். ஆட்டோ வெளியில் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருக்கும். கையில் வாங்கி, வாட் டொக்டர் முன்னாலேயே இவை ஐந்தும் அதில் உண்டா என்று கேட்டு, பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்:

1. நோயின் பெயர், எந்த மாதிரியில் கிருமி வளர்ந்தது, திகதி.
2. எந்த ஊசி, எத்தனை நாள் போட்டது.
3. குளிசை தொடங்கிய திகதி, முடியும் திகதி. "3 மாதம்" என்று மட்டும் எழுதியிருந்தால் முடியும் திகதியைக் கேட்டு எழுதுங்கள்.
4. ஒரு நேரத்துக்கு எத்தனை குளிசை, ஒரு குளிசை எத்தனை மி.கி.
5. முதல் கிளினிக் எப்போது, அதற்கு முன் எந்த இரத்தப் பரிசோதனை.

குளிசை பெரும்பாலும் கோ-ட்ரைமொக்சசோல். சலக்கடுப்புக்குத் தரும் அதே வெள்ளைக் குளிசைதான், மலிவானது. இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. சலக்கடுப்புக்கு 480 மி.கி. குளிசை காலை 2, இரவு 2. இந்த நோய்க்கு 60 கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்கு வழக்கமான அளவு காலை 4, இரவு 4. 40 முதல் 60 கிலோ வரை 3, 3. 40க்குக் கீழ்ப்பட்ட பெரியவருக்கு 2, 2. சிறுநீரகம் பலவீனமென்றால் டொக்டர் குறைப்பார், அதை மட்டும் அவரே முடிவு செய்ய வேண்டும். பாமசியில் நிற்பவர் "இது பிழையாயிருக்கும், இரண்டு இரண்டாகக் குடியுங்கோ" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். அரை அளவு மருந்தில் நோய் திரும்பி வரும். சந்தேகமென்றால் டயக்னோசிஸ் காட்டைக் காட்டுங்கள், வாட்டுக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள். வெளியில் வாங்கும்போது 960 மி.கி. குளிசை கையில் வந்தால் எண்ணிக்கை பாதியாகும்; அதையும் பார்த்து வாங்குங்கள்.

கணக்கு இப்படி: பன்னிரண்டு கிழமை என்றால் 84 நாள். நாளுக்கு 8 என்றால் மொத்தம் 672 குளிசை. நாளுக்கு 6 என்றால் 504. நாலு கிழமைக்கு ஒரு தரம் தந்தால் உங்கள் கையில் 224 அல்லது 168 இருக்க வேண்டும். கவரை வாங்கியதும் எண்ணுங்கள். குறைந்தால் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்து எண்ணினால், கிளினிக் வரை இழுக்க வேண்டும் என்று நீங்களே 3, 3 ஆக்கிவிடுவீர்கள். எலும்பிலோ மூளையிலோ நோய் இருந்தவருக்கு மூன்று மாதம் போதாது, ஆறு மாதம். கூடவே ஃபோலிக் அசிட் 5 மி.கி. ஒன்று தருவார்கள், இரத்தம் குறையாமல் இருக்க அது.

அந்த மூன்று மாதம்

மார்கழியில் வாட்டை விட்டு வந்தவருக்கு மூன்று மாதம் எங்கே முடிகிறது பாருங்கள்: பங்குனி. நடுவில் வெள்ளாமை வெட்டு. ஆள் தேறியிருப்பார், நிறை ஏறியிருக்கும், வெட்டு மெசினுக்கு நாள் குறித்தாயிற்று, கிளினிக் திகதியும் அதே நாள். "எனக்கு ஒண்டுமில்லை இப்ப" என்பார். நோய் திரும்பி வருவதற்கு முதல் காரணம் இந்த வார்த்தை. உடம்பு தேறுவது ஊசியால்; ஈரல் மூலையிலும் எலும்பு மூலையிலும் ஒளித்திருக்கும் மிச்சக் கிருமியைத் தீர்ப்பது குளிசை. மிச்சம் இருப்பதை எந்த அறிகுறியும் சொல்லாது.

அதனால் வட்டைக்குப் போகும் பையில் ஒரு நேரக் குளிசை எப்போதும் இருக்கட்டும். நாட்காட்டியில் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. வீட்டில் ஒரு பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்தால் தவறாது. பிள்ளைகள் பெரியவர்களைப் பிடிப்பதில் வலு கெட்டிக்காரர். ஒரு நேரம் மறந்தால் நினைவு வந்ததும் குடியுங்கள். அடுத்த நேரம் கிட்டிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகக் குடிக்காதீர்கள்.

கிளினிக் திகதி போயா, தைப்பொங்கல், பெப்ரவரி 4, சிவராத்திரி என்று விடுமுறையில் விழுந்தால் கிளினிக் அடுத்த கிழமைக்குத் தள்ளும், குளிசை இந்தக் கிழமையே முடியும். திகதி போடும் போதே நாட்காட்டியைப் பாருங்கள். ஆஸ்பத்திரிப் பாமசியில் மருந்து இல்லை என்றால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

நோன்பு பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி, இது இரண்டு நேர மருந்து. சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்தும். ஆனால் இந்தக் குளிசைக்குத் தண்ணீர் நன்றாக வேண்டும், சிறுநீரகத்தில் மணல் போல் படியாமலிருக்க. சீனிக்காரர், சிறுநீரகம் இடறியவர் பிடிக்கலாமா என்று நோன்புக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். பிடிக்க வேண்டாம் என்றால் நோயாளிக்கு மார்க்கத்திலும் இடமுண்டு.

இந்தக் குளிசையால் என்ன பிழை வரலாம்:

வயிற்றுப் பிரட்டு சாதாரணம். சாப்பிட்டபின் குடித்தால் குறையும். வாந்தியில் குளிசை வெளியே வந்துவிட்டால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

தோலில் தடிப்பு, பெரும்பாலும் இரண்டாம் கிழமை. காய்ச்சலோடு தடிப்பு, வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த நேரக் குளிசையைக் குடிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிராபத்தான அலர்ஜி இப்படித்தான் தொடங்கும். குளிசையை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதும் அதே அளவு பிழை. மாற்று மருந்து உண்டு, அதை டொக்டர் தொடங்க வேண்டும்.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இது வெளியில் தெரியாது, இதயத்தைத் தாக்கும். லொசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலக்டோன் குடிப்பவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் இந்த ஆபத்து அதிகம். தேறி வந்த ஆளுக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பது நமது வழக்கம். ஒரு கோப்பை இளநீரில் சுமார் 400 முதல் 600 மி.கி. வரை பொட்டாசியம் இருக்கிறது. நாளுக்கு இரண்டு மூன்று இளநீர் இந்தக் குளிசையோடு சேர்ந்தால் விளையாட்டில்லை. வெறும் தண்ணீர் குடியுங்கள், இளநீரைக் கேட்டுக் குடியுங்கள். முதல் மூன்று கிழமை கிழமைக்கொரு முறை கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் அளவு), பொட்டாசியம், எஃப்.பி.சி. பார்ப்பது இதற்காகத்தான். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது இந்த மருந்தின் குணம். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது டொக்டர் கணக்கு.

சீனி இறங்கும். கிளிக்கிளசைட், கிளிபன்கிளமைட் போன்றவற்றின் வேலையை இந்தக் குளிசை கூட்டும். வியர்வை, நடுக்கம், பசி, தலை சுற்றல் வந்தால் முதலில் மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, பிறகு இரத்தச் சீனி பாருங்கள். காய்ச்சல் நடுக்கம் என்று போர்வையை இழுத்துக்கொள்ளாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வோஃபரின் குடிப்பவர், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

திரும்ப வயலுக்கு

ஒருக்கா வந்தவருக்குத் திரும்பவும் பிடிக்கலாம், தடுப்பூசி கிடையாது. வயலை விடச் சொல்வது சொல்ல இலகு, அரிசி வாங்கித் தருபவர் யாருமில்லை. முழங்கால் உயர இறப்பர் சப்பாத்து, கைக்குக் கிளவுஸ். ஆழச் சேற்றில் சப்பாத்து புதைகிறது, கழன்று போகிறது என்பது உண்மையான குறைதான். விதைப்பு வேலையில் முடியாவிட்டால் வரம்பு, வாய்க்கால், பசளை வேலையிலாவது போடுங்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் போனால் ஊற்றிக் காயவையுங்கள். ஈரச் சப்பாத்து வெடிப்பை ஊற வைக்கும். வயலால் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, குதி, விரலிடை, நகக்கண் பாருங்கள். சீனிக்காரருக்குக் காலில் உணர்வு குறைவு, முள் ஏறினதே தெரியாது. இரவில் வேறொருவர் விளக்குப் பிடித்துப் பார்ப்பதுதான் சரி. புண் ஆறும்வரை சேறு வேண்டாம். கடும் மழை காற்றில் வயலில் நிற்க வேண்டாம், வாடிக்குள் ஏறுங்கள். வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை கொதித்தாறிய தண்ணீர்தான். எலிக்காய்ச்சலுக்குப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தரும் டொக்சிசைக்கிளின் இந்த நோயைத் தடுக்கும் என்று நம்பி வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

84ஆம் நாள் முடிந்ததும் காட்டை எறியாதீர்கள். பொலித்தீனில் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள். குளிசை நிறுத்திய முதல் வருடத்துக்குள் மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல், ஆறாத புண், மூட்டு வீக்கம், காரணமில்லாத மெலிவு எது வந்தாலும், பனடோலுக்கு முன் அந்தக் காட்டை எடுத்துக்கொண்டு வாட்டுக்குப் போங்கள். பல்லுக்கோ கண்ணுக்கோ கொழும்புக்குப் போனாலும் அது பையில் இருக்கட்டும். அங்குள்ள டொக்டருக்கு வட்டையும் மாரி மழையும் தெரியாது.